ரவுட்டர் ஸ்பிண்டில் கத்துகிறதா? பிரிப்பதற்கு முன் டயலை வையுங்கள்

வியாசர்பாடியில் பூஜை அறைக் கதவுக்கு ஜாலி (துளைத் துளையான வேலைப்பாட்டுப் பலகை) வெட்டுகிற கடை எங்களுடையது. ரவுட்டர் மெஷினில் வெட்டும் பிட்டைச் சுழற்றுகிற மோட்டார்தான் ஸ்பிண்டில். எங்களுடையது 2.2 கிலோவாட், பிட்டைக் கவ்விப் பிடிக்க ஈஆர்20 கோலெட், தண்ணீரில் குளிர்கிற வகை. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) விளிம்பில் அலை அலையாகக் கோடு விழுந்தாலே "பேரிங் போச்சுண்ணா" என்பான் பையன். பாதி நேரம் போயிருக்காது. டயல் (நூலிழை ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவுக் கருவி) வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

படி 1. பவரை அணைத்து 10 நிமிடம் சும்மா இருங்கள். ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் பெட்டியான விஎஃப்டியின் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். பிட்டைக் கழற்றி, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். விரலுக்கு நறநறவென்று தெரிந்தால் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

படி 2. நட்டையும் கோலெட்டையும் எடுத்துவிட்டு, ஸ்பிண்டிலின் உள் டேப்பரை (கோலெட் உட்காரும் கூம்புக் குழி) தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள். காசிமேட்டுப் பக்கமிருந்து உப்புக்காற்று வருகிற ஏரியா நம்முடையது. மெஷின் சில நாள் ஓடாமல் நின்றாலே டேப்பரில் துரு பூத்துவிடும். அதன் மேல் எம்டிஎஃப் தூசி படிந்து இறுகினால் கோலெட் எப்படி நேராக உட்காரும்?

படி 3. இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். காந்த ஸ்டாண்டில் லீவர் டயலை மாட்டி, அதன் முனையை உள் டேப்பரில் தொடவைத்துச் சுற்றுங்கள். முள் 0.01 மி.மீ.க்குள் ஆடினால் தண்டு நன்றாக இருக்கிறது. அடுத்து, வளையாத கார்பைடு ராட் ஒன்றைக் கோலெட்டில் பிடியுங்கள். கோலெட்டை முதலில் நட்டுக்குள் 'டக்'கென்று மாட்டிவிட்டுத்தான் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். நிறையப் பேர் தப்பு செய்வது இங்கேதான். ராடில் 0.05 மி.மீ. காட்டுகிறது என்று வையுங்கள். முள் அதிகம் ஏறும் இடத்தில் கோலெட்டிலும் தண்டிலும் மார்க்கரால் ஒரு கோடு. ராடோடு சேர்த்துக் கோலெட்டை அரை வட்டம் திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள். முள் ஏறும் இடம் கோலெட்டின் கோட்டோடு நகர்ந்தால் கோலெட்தான் திருடன். தண்டின் கோட்டிலேயே நின்றால் கோளாறு ஸ்பிண்டிலில்.

படி 4. டயலைத் தண்டின் அடிமுகத்தில் வைத்து, கையால் மேலும் கீழும் தள்ளி இழுங்கள். முள் 0.01 மி.மீ.க்கு மேல் தாண்டினால் பேரிங் தேய்ந்துவிட்டது.

வைண்டிங்கையும் (மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) பார்த்துவிடுங்கள். மூன்று வயரில் எந்த இரண்டுக்கு நடுவே அளந்தாலும் ஓம்ஸ் ஒன்றாக வர வேண்டும். மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடுவதானால் விஎஃப்டியிலிருந்து வயரைக் கழற்றிய பிறகுதான்.

படி 5. பேரிங் மாற்றுவது. உள்ளே இருப்பது ஆங்குலர் காண்டாக்ட் பேரிங். அது ஒரு பக்கத் தள்ளலை மட்டுமே தாங்கும், அதனால் அதற்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் உண்டு. முதல் தடவை நான் மார்க் போடாமல் பிரித்தேன். ஒன்று திரும்பி உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே ஸ்பிண்டிலின் மூக்குப் பகுதி கை வைக்க முடியாத சூடு, கிரீஸ் கருகிய நாற்றம். ஜோடிப் பேரிங் காசு போச்சு. அதனால் ஒவ்வொன்றும் வெளியே வரும்போதே போட்டோ எடுத்து, அம்புக்குறி போடுங்கள். பேரிங் மேல் உள்ள நம்பரை எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு, புதியது வாங்கப் பாரிமுனைக்குப் போங்கள்.

ஏற்றும்போது சுத்தியல் வேண்டாம். பேரிங்கை 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, உள் வளையத்தை மட்டும் பைப்பால் தள்ளுங்கள். அதிவேகக் கிரீஸ், காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. நிறைய வைத்தால் நல்லது என்று நினைத்தால் சூடுதான் ஏறும். பேரிங்கை ஏற்றும் பிரஸ், கழற்றும் புல்லர் இல்லாதவர்கள் இந்தப் படியைத் தெரிந்த ஆளிடம் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

படி 6. தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பிட் இல்லாமல், விஎஃப்டியில் 100 ஹெர்ட்ஸ் வைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். இந்த ஸ்பிண்டிலில் அது நிமிடத்துக்கு 6,000 சுற்று. அப்புறம் 200, 300, கடைசியாக 400 ஹெர்ட்ஸ், அதாவது 24,000 சுற்று. நடுவில் கை பொறுக்காத சூடு வந்தால் நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஆறிய பிறகு டேப்பரில் மறுபடி டயல் வைத்து, வந்த அளவையும் தேதியையும் ஸ்பிண்டில் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை பையன் "போச்சுண்ணா" என்றால் முதலில் அதைப் படிக்கச் சொல்லுவேன்.