கொழும்பிலிருந்து ரொறன்ரோ: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் பார்ப்பது எப்படி

பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடும்போது விலையைப் பார்க்கிற அளவுக்கு நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. கொழும்பில் விடிய 3.00 மணிக்கு ஏறி ரொறன்ரோவில் பின்னேரம் 4.00 மணிக்கு இறங்குவதாக, அதுவும் அதே திகதியில், டிக்கெட்டில் இருக்கும். உடனே பதின்மூன்று மணித்தியாலம்தானே என்று நினைத்துவிடுவோம். அது பிழை.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறன்ரோ நம்மை விட 9.30 மணித்தியாலம் பின்னால், நவம்பர் முதல் ஞாயிறு தொடக்கம் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 10.30. கோடைப் பயணம் என்றால் அந்தப் பின்னேரம் 4.00 மணியோடு 9.30 ஐக் கூட்டுங்கள், கொழும்பில் அப்போது அடுத்த நாள் விடிய 1.30. ஆக, மொத்தம் 22.30 மணித்தியாலம்.

இதில் எவ்வளவு நேரம் பறப்பது? கிலோமீற்றர் தூரத்தை 850 ஆல் (விமானம் மணித்தியாலத்துக்குப் போகிற வேகம் கிட்டத்தட்ட இதுதான்) வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் சேர்த்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும். இந்தப் பயணம் டுபாயில் விமானம் மாறிப் போவது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பு–டுபாய் சுமார் 3,300 கிலோமீற்றர், அதற்கு நாலரை மணித்தியாலம். டுபாய்–ரொறன்ரோ 11,100 கிலோமீற்றர், கணக்குப்படி பதின்மூன்றரை, ஆனால் மேற்கே போகும்போது எதிர்க்காற்று என்பதால் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள் (திரும்பி வரும்போது ஒரு மணித்தியாலம் போல் குறையும்). மிச்சம் 4 மணித்தியாலம் டுபாயில் காத்திருப்பது.

டுபாய் சுற்றுவழி என்று பலர் சொல்வார்கள், அப்படி இல்லை. கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே மிகக் குறுகிய வழியே சுமார் 14,000 கிலோமீற்றர், அதுவும் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி வடக்கே ஏறி இறங்குகிற வழி. பூகோள உருண்டையில் ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் விளங்கும், தட்டையான வரைபடத்தில் விளங்காது. டுபாய் வழியாகப் போனால் 14,400, லண்டன் வழியாகப் போனாலும் (8,700 உம் 5,700 உம்) அதே அளவுதான். அதனால் தூரத்தை வைத்து வழியைத் தெரிவு செய்யாதீர்கள், இடைத்தங்கல் நேரத்தை வைத்துத் தெரிவு செய்யுங்கள். வயதானவர்களுக்கு ஒன்றரை மணித்தியால இடைத்தங்கல் வேண்டவே வேண்டாம், மூன்று நாலு இருந்தால் நிம்மதி. சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். லண்டன் வழி என்றால் ட்ரான்சிட் விசா தேவையா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் வீட்டிலிருந்து வீடு வரை. 3.00 மணி விமானத்துக்கு நடுச்சாமம் 12 மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிற்க வேண்டும், வெள்ளவத்தையில் இருந்து இரவு 10.45க்காவது வெளிக்கிட வேண்டும். ரொறன்ரோவில் இறங்கின பிறகு குடிவரவு, பெட்டி எடுப்பது, ஸ்காபரோவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சேருவது என்று இரண்டு மணித்தியாலம். மொத்தம் 29 மணித்தியாலத்துக்குக் கிட்ட. இன்சுலின் போடுபவர்கள் இந்தக் கணக்கை அப்படியே டொக்டரிடம் காட்டி, எந்த நேரத்தில் போடுவது என்று எழுதி வாங்குங்கள்.

திரும்பி வருகிற டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1, +2 என்று இருக்கும், எத்தனை நாள் கழித்து இறங்குவார்கள் என்பது அதுதான். கூட்டிவர வான் பேசும்போது அந்தத் திகதியைச் சொல்லுங்கள், ஏறுகிற திகதியை அல்ல.