ஏரி நீரின் தரத்தை விலங்கு மிதவை உயிரிகளைக் கொண்டு கணிப்பது எப்படி?

நீரின் தரத்தை அளக்கும் மீட்டர் அந்த நொடியின் நிலையைக் காட்டும். கடந்த சில வாரங்களின் கதை தெரிய வேண்டுமானால் நீரில் மிதந்து வாழும் இந்த நுண்ணிய விலங்குகளைப் பிடிக்கும் வலையைத்தான் நான் நம்புவேன்.

64 மைக்ரான் கண்ணியுள்ள வலையை அடிமட்டத்துக்குச் சற்று மேல்வரை இறக்கி, நிதானமாக, செங்குத்தாக இழுங்கள். சேற்றைத் தொட்டால் மாதிரி பாழ். பெரிய உயிரிகள் பல பகலில் ஆழத்தில் பதுங்கும். மேல்நீரை மட்டும் மொண்டு முடிவு கட்டாதீர்கள். அங்கேயே கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை, செக்கி தட்டு (நீரின் தெளிவை அறிய இறக்கும் வட்டத் தட்டு) மறையும் ஆழம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நுண்ணோக்கியில் முதலில் டாப்னியாவின் (நீர்த்தெள்ளு எனப்படும் சிறு ஓட்டுடலி) நிறத்தைப் பாருங்கள், அதுவும் மாதிரியைப் பதப்படுத்தும் ஃபார்மலின் ஊற்றுவதற்கு முன்பே. ஆக்சிஜன் குறைந்த நீரில் அது ஹீமோகுளோபினைப் பெருக்கிக்கொள்ளும். கண்ணாடி போன்ற உடல் இளஞ்சிவப்பாகத் தெரியும். உள்ளே துடிக்கும் இதயத்தையும் முதுகுப்பக்கப் பையில் முட்டைகளையும் காணலாம். முட்டைகள் மிகக் குறைவென்றால் நல்ல உணவு கிடைக்கவில்லையோ என்று யோசியுங்கள். நீலப்பச்சைப்பாசியின் இழைகள் அதன் வடிகட்டும் கால்களில் சிக்கிக்கொள்ளும்.

பிராக்கியோனஸ் போன்ற ரோட்டிஃபர்கள் (டாப்னியாவை விடச் சிறிய மிதவை உயிரிகள்) மலிந்து பெரிய டாப்னியா அருகியிருந்தால், ஊட்டச்சத்து மிகுந்த நீர் என்று சந்தேகிக்கலாம். ஆனால் சிறு மீன்களும் பெரியவற்றையே தேடித் தின்னும். மீனைக் கணக்கில் எடுக்காமல் நீரின்மேல் பழி போடுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அடுத்த மாதிரியையும் அதே இடத்தில், அதே நேரத்தில் எடுங்கள்.