பேன்டஸி ஹாக்கி: ஆட்டம் குறைந்த நாளைப் பிடியுங்கள்

பேன்டஸி ஹாக்கியில் (நிஜ ஐஸ் ஹாக்கி வீரர்களை வைத்து நாமே கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்ப புள்ளி சேர்க்கும் போட்டி) அணியின் கடைசி ஒன்றிரண்டு ஆட்களை எடுக்கும்போது பெரிய பேரைத் தேடாதீர்கள், அந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறில் அவர்களின் நிஜ அணிக்கு எத்தனை ஆட்டம் என்று எண்ணுங்கள். என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டங்கள் பெரும்பாலும் செவ்வாய், வியாழன், சனியில்தான் குவியும். அன்று எல்லோர் அணியும் நிரம்பி நல்ல ஆளே பெஞ்சில் உட்கார்ந்து புள்ளி வீணாகும், மற்ற நாட்களில் இடம் சும்மா கிடக்கும். அந்தக் காலி இடத்தில் சுமாரான ஆள் ஆடினாலும் லாபம்தான். கிழமை அமெரிக்கக் கணக்கு: குளிர்காலத்தில் நியூயார்க்கில் செவ்வாய் இரவு 7 மணி என்றால் நாகர்கோவிலில் புதன் காலை 5.30, அதனால் படுக்கும் முன்பே அணியை மாற்றிவிடுங்கள். (தோற்றவர் வடசேரியில் பழம்பொரியும் டீயும் வாங்க வேண்டிய கூட்டம் என்றால் நண்பர்களிடம் மூச்சு விடாதீர்கள்.)

வாரத்துக்கு ஒரே முறை அணியைப் பூட்டும் லீகில் இது செல்லாது, அங்கே மொத்த ஆட்ட எண்ணிக்கைதான் கணக்கு. கோல்கீப்பருக்கும் வேண்டாம்; அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால் பெரும்பாலும் ஒன்றில் அவருக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள்.