இஞ்சி நுரைபானம்: சுவையைத் தீர்மானிப்பது ஈஸ்ட்

ஜெர்மனியின் கோதுமை பீருக்கு ‘ஹெஃபவைட்சன்’ என்று பெயர். ‘ஹெஃப’ என்றால் ஈஸ்ட். ‘வைட்சன்’ என்றால் கோதுமை. பெயரிலேயே ஈஸ்டுக்குத்தான் முதலிடம். அந்த பீரில் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் இருக்கும். ஆனால் வாழைப்பழமோ கிராம்போ சேர்ப்பதில்லை. இரண்டையும் உண்டாக்குவது ஈஸ்ட். இதை அறிந்த நாளிலிருந்து, எதைப் புளிக்கவைத்தாலும் ஈஸ்டைப் பற்றித்தான் நான் முதலில் யோசிக்கிறேன்.

நம் ஊரில் வீட்டில் பீர் செய்வதற்கு இடமில்லை. 1937-இல் மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது இன்றும் குற்றம். ஆனால் ஈஸ்டைப் பழக்கும் பாடத்தை இஞ்சியிலேயே கற்றுக்கொள்ளலாம்.

எந்த ஈஸ்ட்?

கடையில் கிடைக்கும் ரொட்டி ஈஸ்ட் வேகமாக நுரைக்கும். ஆனால் பானத்தில் மாவு வாசம் தங்கிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை. கோதுமை பீருக்கான ஈஸ்டை வரவழைத்தாலும் பயன் குறைவு. கிராம்பு வாசத்துக்கான மூலப்பொருள் தானியத்திலிருந்து வருவது. சர்க்கரைத் தண்ணீரில் அந்த வாசத்தை எதிர்பார்க்க முடியாது.

என் தேர்வு இஞ்சித் தோலிலேயே இருக்கும் ஈஸ்ட். பனையேறிகளுக்கு இது புதிதல்ல. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் தெளுவு, அதாவது பதநீர். சுண்ணாம்பு இல்லையென்றால் சில மணி நேரத்தில் அது கள்ளாகிவிடும். யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. பாளையிலும் கலயத்திலும் காற்றிலும் அது ஏற்கெனவே இருக்கிறது.

தாய்க்கரைசல்

இஞ்சித் தோலில் உள்ள ஈஸ்டை முதலில் பெருக்கிக்கொள்ளும் கரைசல் இது. சுத்தமான கண்ணாடி ஜாடியில் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் 2 தம்ளர் ஊற்றுங்கள். கோவையில் சிறுவாணித் தண்ணீரே வந்தாலும் கொதிக்கவைக்காமல் ஊற்ற வேண்டாம். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ஈஸ்டை முடக்கும். தோலோடு துருவிய இஞ்சி 2 மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி போட்டுக் கலக்கித் துணியால் மூடுங்கள். இஞ்சியைக் கழுவலாம், தோலைச் சீவக் கூடாது. கவுந்தப்பாடிச் சர்க்கரை கிடைத்தால் நல்லது. பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைத் தேடாதீர்கள். வெளுப்பதற்கு ரசாயனம் சேர்ப்பவர்கள் உண்டு. நிறம் கருத்த சர்க்கரையே எனக்கு நம்பிக்கை தருகிறது.

தினமும் இஞ்சியும் சர்க்கரையும் ஒவ்வொரு மேசைக்கரண்டி சேர்த்து, காலையும் மாலையும் கலக்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் ஈரோட்டிலும் கரூரிலும் மூன்றாம் நாளே குமிழி கிளம்பும். மார்கழியில் கோவையில் ஐந்தாறு நாள் ஆகலாம். இட்லி மாவு பொங்கத் தாமதமாகும் நாட்களில் இதுவும் தாமதமாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பும் இஞ்சி நெடியுமாக மணக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்தாலோ அழுகல் நாற்றம் வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பானம்

2 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, 150 கிராம் நாட்டுச் சர்க்கரையைக் கரையுங்கள். முழுவதும் ஆறட்டும். விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தால்கூடக் காத்திருங்கள். சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். வடிகட்டி, இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் தாய்க்கரைசலின் தெளிந்த நீர் அரைத் தம்ளரும் சேருங்கள்.

சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் மட்டுமே ஊற்றுங்கள். மேலே இரண்டு அங்குலம் காலியாக இருக்கட்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை. ஒரு சித்திரை மதியம், கண்ணாடி பாட்டிலில் அடைத்துத் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். வெடித்த சத்தத்தில் எழுந்து பார்த்தால் சுவரில் சில்லுகள் குத்தி நின்றன. அந்நேரம் குழந்தைகள் அங்கே விளையாடவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல். பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கிப் பார்க்கலாம். கல்லாக இறுகியதும் பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாள் போதும், மற்ற காலத்தில் இரண்டு நாள். அதற்கு மேல் வெளியே விட்டால் பாட்டிலுக்கும் ஆபத்து, ஆல்கஹாலும் கூடும். சரியாகச் செய்தாலும் அதில் சிறிதளவு இருக்கும் என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் கொடுப்பதில்லை.

வெப்பம் ஏற ஏற ஈஸ்டின் குணமும் மாறும். கோதுமை பீர் ஈஸ்டுகூடச் சற்று வெதுவெதுப்பில் வாழைப்பழ வாசத்தையும் குளிர்ச்சியில் கிராம்பு வாசத்தையும் முன்னிறுத்தும். 38 டிகிரி கொளுத்தும் நாளில் பாட்டிலை ஈரச் சாக்கில் சுற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். அவசரப்படாமல் நுரைத்த பானத்தில் காரம் இதமாக இருக்கும். முதல் வாயிலேயே அந்த வித்தியாசம் தெரியும்.

எடுத்த அளவுக்குத் தாய்க்கரைசலில் ஆறிய தண்ணீர் ஊற்றி, இஞ்சியும் சர்க்கரையும் போட்டு பிரிட்ஜில் வைத்தால் வாரம் ஒருமுறை தீனி போதும். தை மாதம் பச்சை மஞ்சள் சந்தைக்கு வரும்போது பாதி இஞ்சிக்குப் பதிலாக அதைத் தோலோடு துருவிப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் கறை போகாது. பழைய துணியையே ஜாடிக்குக் கட்டுங்கள்.