ஐரோப்பிய வரலாறு: பாடத்தையும் புத்தகத்தையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதல் பருவத்திலேயே உலகப் போர்களுக்குத் தாவாதீர்கள். 1789 முதல் 1914 வரையிலான பொதுப் பாடத்தை முதலில் எடுங்கள். பிரெஞ்சுப் புரட்சியும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வெடித்த 1848 மக்கள் எழுச்சிகளும் புரியாமல், 1914-இல் முதல் உலகப் போர் ஏன் மூண்டது என்பது விளங்காது.

புத்தகம் வாங்குமுன் முதல் பதிப்பு வந்த ஆண்டைப் பாருங்கள். மறுபதிப்பின் ஆண்டைக் கண்டு ஏமாற வேண்டாம். சோவியத் ஆவணக் காப்பகங்கள் 1991-ஐ ஒட்டித்தான் பெருமளவில் திறந்தன. அதனால் ஸ்டாலின் காலத்துக்கு அதற்கு முந்தைய நூலை மட்டும் நம்பினால் பல இடங்களில் சறுக்கும். பொருளடக்கத்தையும் புரட்டுங்கள்: போலந்து, ஹங்கேரி, ஒட்டோமான் பேரரசு எதுவும் இல்லையென்றால் அது மேற்கு ஐரோப்பாவின் வரலாறு மட்டுமே.

வாசிப்பு மிகுந்த வரலாற்றுப் பாடங்கள் ஒரு பருவத்தில் இரண்டு போதும். இல்லாவிட்டால் கட்டுரைகள் ஒரே வாரத்தில் வந்து குவியும். ஆய்வேடு எழுத நினைப்பவர்கள் ஜெர்மன் மொழியோ பிரெஞ்சு மொழியோ முதலாண்டிலேயே கற்கத் தொடங்கிவிட வேண்டும்.