ஆங்கிலம் வாசிக்க ஆறு எழுத்து போதும்

தமிழில் 'க' என்ற எழுத்தின் பெயரும் 'க'தான், ஓசையும் 'க'தான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. எஸ் என்பது பெயர். சொல்லுக்குள் வந்தால் பாம்பு சீறுவது போல 'ஸ்'. தமிழ்வழியில் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏ முதல் இசட் வரை மடமடவென்று ஒப்பித்துவிட்டு, 'சிட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லில் திகைத்து நிற்பது இதனால்தான். எஸ்-ஐ-டி என்று எத்தனை முறை சொன்னாலும் 'சிட்' வராது.

அதனால் 26 எழுத்தையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். எஸ், ஏ, டீச்சரில் வரும் டி, பென்சிலில் வரும் பி, ஐ, என் என்ற ஆறு போதும். நாளுக்கு ஒன்றாக, பெயரை விட்டுவிட்டு ஓசையை மட்டும் சொல்லிக் கொடுங்கள். 'ப்' என்று சட்டென நிறுத்த வேண்டும். 'பு' என்று இழுத்தால் 'டிப்' என்பது 'டிப்பு' ஆகிவிடும்.

அடுத்து, கூட்டிப் படிப்பது. எழுத்துகளை அட்டையில் எழுதித் தள்ளித் தள்ளி வையுங்கள். ஸ்… இ… ட்… அட்டைகளை விரலால் நெருக்க நெருக்க, ஓசையும் நெருங்கட்டும். சிட்! முதல் அட்டையை மாற்றினால் 'பிட்'. அப்புறம் கடைசி அட்டையை மாற்றினால் 'பின்'.

இந்த இடத்தில் பிள்ளைகள் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வார்கள். தயவுசெய்து அப்படி எழுத விடாதீர்கள். குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்' என்றுதான் தமிழில் எழுத முடியும். ஆனால் இரண்டு ஓசையும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். 'பம்பரம்' என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். முதல் 'ப' பென்சிலுடையது. 'ம்'முக்கு அடுத்த 'ப' பஸ்ஸினுடையது. இதைத் தானே கேட்டுக் கண்டுபிடிக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

எழுதுவதையும் அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். பத்து முறை பார்த்து எழுதுவதால் கைதான் வலிக்கும். நீங்கள் 'பின்' என்று சொல்லுங்கள். பிள்ளை ப்-இ-ன் என்று மூன்று விரல் விட்டு எண்ணி, நாலுகோட்டு நோட்டில் எழுதட்டும். பென்சிலின் சின்ன பி-க்குக் கால் கீழ்க்கோடு வரை இறங்கும், டி நிமிர்ந்து நிற்கும்.

ஆறு எழுத்தும் முடிந்ததும் ஒரு வாக்கியம்: 'அ பின் இன் அ டின்'. தனியாக நிற்கும் ஏ-யை 'அ' என்று படிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். வாசித்துக் காட்டாதீர்கள். படித்ததைப் படமாக வரையச் சொல்லுங்கள். டப்பாவுக்குள் குண்டூசி வந்துவிட்டால் சரி, மறுநாள் ஏழாவது எழுத்துக்குப் போகலாம்.