சுண்டெலியில் அரிப்பையும் ஒவ்வாமைத் தோலழற்சியையும் ஆராயும் முறை

எந்தப் பொருளைத் தோலில் பூசுவது என்று தேடுவதற்கு முன், ஆராயப்போவது அரிப்பையா, அழற்சியையா, தோலின் தடுப்புத் திறனையா என்பதை ஆய்வாளர் முடிவு செய்துகொள்ள வேண்டும். மூன்றுக்கும் ஒரே சோதனை மாதிரி (model) பொருந்தாது.

உடனடி அரிப்பை மட்டும் ஆராய்வதற்கு நோயை உண்டாக்கத் தேவையில்லை. பிடரி மயிரை மழித்து, சில நாள் கழித்து அத்தோலுக்குள் மலேரியா மருந்தான குளோரோகுயினைச் செலுத்தினால் எலி பின்னங்காலால் சொறியத் தொடங்கும். ஒவ்வாமையின்போது உடல் வெளியிடும் ஹிஸ்டமைனும் பயன்படும், ஆயினும் எக்ஸிமா எனப்படும் ஒவ்வாமைத் தோலழற்சி நோயாளிகளின் அரிப்பு ஹிஸ்டமைன் எதிர்ப்பு மாத்திரைகளுக்குச் சரியாக அடங்குவதில்லை என்பதால், குளோரோகுயின் தூண்டும் வழியே இந்நோய்க்கு நெருக்கமானது என்று கருதுகிறேன். எலி சொறிவது அரிப்பாலா வலியாலா என்ற ஐயம் எழுமானால், 2008இல் ஷிமாடாவும் லமாட்டும் வெளியிட்ட கன்னச் சோதனையைச் செய்யலாம்: கன்னத்தில் அரிப்புப் பொருளைச் செலுத்தினால் எலி பின்னங்காலால் சொறியும், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைச் செலுத்தினால் முன்னங்காலால் துடைக்கும்.

நாட்பட்ட அழற்சிக்குக் கால்சிபோட்ரியால் மாதிரியே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. சொரியாசிஸுக்கான இம்மருந்தை எத்தனாலில் கரைத்து ஒன்றிரண்டு வாரம் நாள்தோறும் காதில் பூசினால், தோல் செல்கள் டிஎஸ்எல்பி என்னும் புரதத்தைச் சுரந்து ஒவ்வாமை வகை அழற்சியைத் தூண்டுவதால் காது சிவந்து தடிக்கும். எத்தனால் மட்டும் பூசும் ஒப்பீட்டுக் குழுவைத் தனிக் கூண்டில் வைக்க வேண்டும், ஏனெனில் எலிகள் ஒன்றையொன்று நக்கி மருந்தைப் பரப்பிவிடும். மருந்து இரத்தத்திலும் கலக்கக்கூடியது என்பதால் காதின் தடிப்போடு உடல் எடையையும் தவறாமல் குறிக்க வேண்டும். இம்மாதிரியில் ஒவ்வாமைப் பொருள் எதுவும் இல்லை. ஒவ்வாமைப் பொருளின் பங்கே கேள்வியானால், ஒட்டுநாடாவால் மேல்தோலை உரித்துத் தூசிப்பூச்சிச் சாற்றையோ முட்டை வெண்கருப் புரதத்தையோ பூசும் முறைக்குச் செல்ல வேண்டும்.

மரபுவழி நோயுறும் எலிகளை வாங்குவோர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. தோலின் தடுப்புக்கு உதவும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் குறைபாட்டுக்காகப் பெயர்பெற்ற ‘ஃப்ளேக்கி டெயில்’ இனத்தின் தோலழற்சிக்கு டிமெம்79 என்னும் வேறொரு மரபணுவின் பிறழ்வே முக்கியக் காரணம் என்று 2013இல் தெரியவந்தது. ஜப்பானின் என்சி/என்கா எலிகளோ, சாதாரணக் கூண்டில் நோயுற்றாலும், குறித்த நோய்க்கிருமிகள் நீக்கப்பட்ட சூழலில் நலமாக இருக்கும். ஆகவே வளர்ப்புச் சூழலை விரிவாகப் பதிவது அவசியம்.

சொறிதலை எண்ணுவதில்தான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. ஒளிபுகும் பெட்டிக்கு எலியைப் பழக்கி, ஆளில்லாத அறையில், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் சுமார் 30 நிமிடம் காணொளி எடுக்க வேண்டும். பின்னங்காலைத் தூக்கிச் சொறிந்து, அதைக் கீழே வைப்பது அல்லது நக்குவது வரை ஒரு தடவை என்று கொள்ளலாம். எண்ணுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது. சொறிதலே புண்ணை மோசமாக்கும் என்பதால், நகம் வெட்டுவதானால் எல்லா எலிகளுக்கும் வெட்ட வேண்டும்.

விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கும்போதே, எந்த அளவு எடை குறைந்தால், எத்தகைய புண் தோன்றினால் அந்த எலியைச் சோதனையிலிருந்து விலக்குவோம் என்பதையும் விண்ணப்பத்தில் எழுதிவிட வேண்டும்.